முப்பத்தேழாம் பக்கம்

அத்தியாயம் 9

கட்டை விரலால்தான் எல்லாம் கெட்டது என்கிற பேச்சு அந்த வீட்டில் இன்னும் ஓயவில்லை.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மருமகள் இங்கே, கணவன் கடல் தாண்டி. கல்யாணமாகி மூன்று வருடம். சேர்ந்து இருந்தது மொத்தம் நாற்பத்தொரு நாள். மனைவியை வரவழைக்க அவன் மனு போட்டான். மனுவோடு பன்னிரண்டு போட்டோ, பன்னிரண்டு தேதி. அதிகாரி அந்தப் பன்னிரண்டையும் வரிசையாக வைத்துப் பார்த்திருக்கிறார். எல்லாவற்றிலும் அவளுடைய இடது கட்டை விரலில் ஒரே பிளாஸ்திரி, ஒரே மாதிரி ஓரம் பிரிந்து தொங்கியது. ஆகவே எல்லாம் ஒரே நாளில் எடுத்தவை, ஆகவே இந்தத் திருமணமே நம்பும்படி இல்லை என்று எழுதிவிட்டார்.

ஒரே நாளில் எடுத்தவைதான். போன வருடம் பத்தொன்பது நாள் லீவில் வந்தவன் முதல் இரண்டு வாரம் காய்ச்சலில் சுருண்டு கிடந்தான். கிளம்புகிற அன்று காலையில் நாத்தனார்தான் அலமாரியைத் திறந்து எட்டு ஜோடி உடுப்பை வெளியே எடுத்துப் போட்டு, "மாத்து, சிரி, மாத்து, சிரி" என்று விரட்டி விரட்டி எடுத்தாள். யோசனை அவளுடையது. பழி மட்டும் கட்டை விரலுக்கு.

மறுபரிசீலனைக்குக் கொடுத்த முப்பது நாள் இன்றோடு முடிகிறது. சாயங்காலம் நாலு மணி வரைக்கும்தான்.

காலை பத்தரைக்கு மருமகள் இன்னும் பல் லேபில் இருந்தாள். செயற்கைப் பல் செட் செய்வது அவள் வேலை. மெழுகில் பல்லை ஒவ்வொன்றாகப் பதித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"என்ன பல்லுக்காரி, இன்னும் கிளம்பலையா? யாரோட பல்லோ முக்கியம், உன் விசா முக்கியமில்ல, அப்படித்தானே?" நாத்தனார்.

"அஞ்சு நிமிஷம் அண்ணி."

லேப் முதலாளி எட்டிப் பார்த்தார். "என்னம்மா, அந்த டீச்சரோட செட்டுல ஒரு முன்பல்லு திரும்பியிருக்கு?"

"நான்தான் சார் திருப்பி வெச்சேன். எல்லாத்தையும் நேரா வெச்சா பொய்ப்பல்லுன்னு பாத்த உடனே தெரிஞ்சிடும்."

"இந்தப் புத்தி அன்னிக்கு போட்டோ எடுக்கும்போது எங்க போச்சு?" என்று சிரித்தார். கட்டை விரல் கதை லேப் வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது.

வீட்டில் சாப்பாட்டு மேசை கோர்ட் மாதிரி இருந்தது. ஒரு பக்கம் பிரிண்டர். ஒரு பக்கம் மாமியார், மூக்குக் கண்ணாடியோடு. நடுவில் நாத்தனார். இன்சூரன்ஸ் ஆபீசில் க்ளெய்ம் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. செத்தவர்கள் உண்மையிலேயே செத்தார்களா என்று பதினாலு வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பவள். சனிக்கிழமையானால் புகுந்த வீட்டிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள்.

"போனக் குடு."

மருமகள் கொடுத்தாள்.

"பைல்காரர் சொன்னது ஞாபகம் இருக்கில்ல?" என்றாள் நாத்தனார். விசா மனு தயாரித்துத் தருகிறவரை வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "கொஞ்சுறத எல்லாரும்தான் காட்டுவாங்களாம். சண்டையக் கொண்டாங்கன்னாரு. பொய்க் கல்யாணத்துல எவனும் மெனக்கெட்டுச் சண்ட போட மாட்டானாம். எடுத்த பேச்ச நடுவுல வெட்டக் கூடாது. ஏழு நாளுக்கு மேல பேச்சு இல்லைன்னா ஏன்னு காரணமும் பேப்பரும் வெக்கணும். மொத்தம் நாப்பத்திரண்டு பக்கம். சரி, ஆரம்பிப்போம்."

மருமகள் கணவனுக்கு அனுப்பிய செய்திகளைச் சத்தமாகவே படித்தாள்.

"'உங்கம்மா காலைல ஆறு மணிக்கு வார்டு சுத்துற மாதிரி என் ரூமுக்குள்ள வர்றாங்க. போர்வைய உருவிப் பாக்குறாங்க.' ஏம்மா, உருவுறியா?"

மாமியார் அசரவில்லை. "முப்பத்தோரு வருஷம் ஹெட் நர்ஸா இருந்தவ நான். உருவாம எப்படித் தெரியும்?"

"'என் டப்பாவத் திறந்து பாக்குறாங்க.' அதுவும் உண்டா?"

"எந்த டப்பா?"

"லேப் டப்பா அத்தை," என்றாள் மருமகள், தரையைப் பார்த்து. "பல்லு கலர் பாக்குற அட்டை வெச்சிருப்பேனே, அது."

"பல்லத்தானே பாத்தேன். கடிச்சா வெச்சிடும்?"

"அருமை. மாமியார் கொடுமை நாலு பக்கத்துக்கு வருது. இது போகட்டும்." நாத்தனார் பக்கங்களை பிரிண்டருக்கு அனுப்பினாள். "அடுத்தது என் தம்பியோட பதில். 'சரி.' 'ம்.' 'ம்.' 'அப்புறம் பேசறேன்.' 'ம்.' இவனுக்கு மாசம் எத்தன 'ம்' இலவசமோ தெரியல."

மாமியார் சிரித்தாள். மருமகளும் சிரித்து வைத்தாள். சிரிக்காவிட்டால் அதற்கொரு பேச்சு வரும்.

"இங்க பாரு. 'தூங்கிட்டீங்களா?' மறுநாள், 'தூங்கிட்டீங்களா?' அதுக்கு மறுநாளும் அதேதான். ஆறு நாள் வரிசையா. இது வேணாம்."

"ஏன் அண்ணி?"

"யாருமே இல்லாத வீட்டுக் கதவத் தட்டுற மாதிரி இருக்கு. அதிகாரி படிச்சா அவருக்கே பாவமாயிடும். பாவப்பட்டா விசா தர மாட்டாங்க."

இப்படியே முப்பத்தாறு பக்கம். பன்னிரண்டரை மணி வாக்கில் நாத்தனாரின் விரல் நின்றது. திரையை மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள்.

"இது என்ன? போன வருஷம் அவன் போயி ஒன்றரை மாசத்துல பதினொரு நாள் ஒண்ணுமே இல்ல. நீயும் அனுப்பல, அவனும் அனுப்பல. என்னாச்சு? போன் தொலஞ்சுதா?"

மாமியார் காகிதங்களைத் தட்டி அடுக்குவதை நிறுத்தினாள்.

"லேப்ல ட்ரெயினிங் போயிருந்தா," என்றாள். "சிக்னல் இல்லாத எடம்."

"பல்லு கட்டுறதுக்குக் காட்டுலயா ட்ரெயினிங் குடுப்பாங்க? பேப்பர் இருக்கா?"

மருமகள் நிமிர்ந்தாள். "ஆஸ்பத்திரில இருந்தேன் அண்ணி."

"வயித்து வலி," என்றாள் மாமியார் அவசரமாக.

"வயித்து வலி இல்ல அத்தை."

பிரிண்டர் ஒரு பக்கத்தை மெல்லத் துப்பிவிட்டு அடங்கியது.

"கரு கலைஞ்சுபோச்சு," என்றாள் மருமகள். "ஒன்பது வாரம். அத்தைதான் கூட இருந்தாங்க. அவர் அங்க குளிர்பதனக் கிடங்குல பளுதூக்கி வண்டி ஓட்டுறாரு, மனசு கெட்டா கை தவறிடும், இப்ப சொல்லாதன்னாங்க. என் போனையும் வாங்கி வெச்சுக்கிட்டாங்க. திருப்பிக் குடுக்கும்போது பதினொரு நாள் ஆயிருந்துச்சு."

நாத்தனார் அவளையே பார்த்தாள். கண் கொஞ்சம் விரிந்தது. கை மேசையைத் தாண்டி வந்தது. தோளைத் தொடப் போகிறாள் என்று மருமகள் நினைத்தாள்.

"பேப்பர் இருக்கா?" என்றாள் நாத்தனார்.

"என்ன பேப்பர்?"

"டிஸ்சார்ஜ் பேப்பர்! அடிப்பாவி, இத வெச்சுக்கிட்டா நாம சண்டையப் பொறுக்கிட்டு இருக்கோம்? ஆஸ்பத்திரி சீல், புருஷன் பேரு, தேதி எல்லாம் இருக்குமே. இதவிட சாட்சி வேற என்ன வேணும்? எந்த அதிகாரியாலயும் அசைக்க முடியாது!"

எழுந்தே நின்றுவிட்டாள். இந்த வருடத்தின் மிகப் பெரிய க்ளெய்ம் கிடைத்தவள் மாதிரி முகம் மின்னியது.

மருமகள் உள்ளே போய் லேப் டப்பாவோடு வந்தாள். மேல் தட்டை எடுத்தாள். அதன் அடியில் ஒரு பழைய பல் அச்சு இருந்தது. அதற்குள்ளிருந்து எட்டாக மடித்த ஒரு தாளை உருவினாள்.

"இதுக்குள்ளயா?" என்றாள் மாமியார். "நான் பாத்தப்ப இல்லையே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. டப்பாவைத் திறந்தது பல்லைப் பார்க்க அல்ல, இந்தத் தாளைத் தேடி.

நாத்தனார் தாளை நீவி விரித்துப் படித்தாள். பிறகு விரல் மடக்கி எண்ணினாள். "ஒன்பது வாரம். பின்னாடி எண்ணிக்கிட்டே போனா..." நின்றாள். உதட்டைக் கடித்தாள். கடித்தும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. "வந்து எறங்குன அன்னிக்கேவா! காய்ச்சலோடவா! தம்பி பெட்டியக்கூட பிரிக்கலையேடி!"

"கணக்கு அப்படி இல்ல," என்றாள் மாமியார். "ரெண்டு வாரம் கழிச்சுக்கணும். அவன் கிளம்புறதுக்கு அஞ்சு நாள் முன்னாடி வரும். அப்ப காய்ச்சல் விட்டிருந்துச்சு."

நாத்தனார் வியந்து போனாள். "எப்படிம்மா சட்டுனு சொல்ற?"

"ஆஸ்பத்திரில அன்னிக்கே எண்ணிப் பாத்துட்டேன்."

மருமகளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. கட்டிலில் கண்மூடிக் கிடந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து மாமியார் கட்டைவிரலை மற்ற விரல்களின் மேல் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஏதோ வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்து, அன்றைக்கு அவளுக்கு அழுகையே வந்தது.

"இது வேணாம்," என்றாள் மாமியார் திடீரென்று. "வேற பேப்பர் பாரு."

"ஏன் வேணாம்?"

"அடில பாரு."

தாளின் கடைசியில் அச்சடித்த ஒரு வரி: கணவருக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டதா? அதற்கு நேரே நீல மையில், குண்டு குண்டான எழுத்தில்: ஆம், என் மூலம். கீழே மாமியாரின் கையெழுத்து.

"நீ தெரிவிக்கவே இல்லையே?"

"கேட்டாங்க, போட்டேன். போடலன்னா ஆயிரம் கேள்வி. முப்பத்தோரு வருஷம் நான் கேட்ட கேள்விதானே, எனக்குத் தெரியாதா? இத அவன் படிச்சா என்னப் பத்தி என்ன நெனப்பான்?"

"அண்ணி," என்றாள் மருமகள். "எனக்கும் வேணாம். அவர்கிட்ட நேர்ல சொல்லணும்னு வெச்சிருக்கேன். போன்ல சொன்னா 'ம்'னுடுவாரோன்னு..."

"நேர்ல சொல்லணும்னா விசா வேணும். விசா வேணும்னா இந்தப் பேப்பர் வேணும். இத வெக்கலன்னா பதினொரு நாள் ஓட்ட. அந்த ஓட்டைல உன் கல்யாணம் கரைஞ்சு போயிடும். கட்ட விரல் கதை மறுபடியும் வேணுமா?"

நாத்தனார் தாளை எடுத்து பிரிண்டரின் ஸ்கேன் தட்டில் வைத்தாள்.

"ரெண்டு பேரும் எதுக்குப் பயப்படுறீங்க? அவன் ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டு அனுப்பணும், அவ்ளோதான். படிக்கவா போறான்? மின்சார பில்லையே பொண்டாட்டி படிச்சுச் சொல்லணும் அவனுக்கு."

"படிப்பாரு," என்றாள் மருமகள்.

அந்த ஒரு வார்த்தையை அவள் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அதையே பிடித்துக்கொண்டாள். படிப்பார். முப்பத்தேழாம் பக்கத்துக்கு வந்ததும் நிற்பார். போன் வரும். ஒன்றரை வருடமாகத் தொண்டையில் நிற்பதை அவள் சொல்லவே வேண்டாம். அவரே கேட்பார். நேரில் இல்லாவிட்டால் என்ன?

"அனுப்புங்க அண்ணி," என்றாள்.

ஒன்று பத்துக்கு நாற்பத்திரண்டு பக்கமும் போயின. அங்கே அவனுக்கு இடைவேளை நேரம். மருமகள் போனை மேசையில் வைத்து அதன் எதிரே உட்கார்ந்தாள். மாமியார் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து மறுபடி எழுந்து போனாள்.

மூன்று நிமிடம் ஆனது. நாலாவது நிமிடம் போன் ஒலித்தது.

அழைப்பு இல்லை. பக்கங்கள் திரும்பி வந்திருந்தன. நாற்பத்திரண்டும். கூடவே ஒரு குரல் பதிவு. நாத்தனார் அதைத் தட்டினாள்.

"அக்கா, முடிச்சாச்சு. எல்லாப் பக்கமும் பாத்தாச்சு. முப்பத்தெட்டாவது பக்கத்துல அந்தப் பழைய போட்டோ கொஞ்சம் கறுப்பா வந்திருக்கு, அத மட்டும் வேற பிரிண்ட் எடுக்கச் சொல்லு. அப்புறம் அவள அந்த விரல மடக்கி வெச்சுக்கச் சொல்லியிருக்கலாம்ல? சரி, வண்டி காத்துக்கிட்டிருக்கு, வெக்கிறேன்."

முப்பத்தெட்டு.

மருமகள் முப்பத்தேழைத் திறந்தாள். ஆஸ்பத்திரி சீல் இருந்தது. 'ஒன்பது வாரம்' இருந்தது. 'ஆம், என் மூலம்' இருந்தது. அதற்குக் கீழே, விரலால் இழுத்த கணவனின் கையெழுத்து. அவசரத்தில் அதன் வால் மேலே ஏறி, அம்மாவின் கையெழுத்தைக் கொக்கி போட்டு நின்றது.

"நான் சொல்லல?" என்றாள் நாத்தனார்.

மாமியார் பெருமூச்சு விட்டாள். இன்று காலையிலிருந்து அவள் முகம் இவ்வளவு தெளிந்ததே இல்லை. "நல்லதாப் போச்சு. இனிமே அவனுக்குத் தெரியவே வேணாம். விசா வந்ததும் அந்தத் தாளக் கிழிச்சுப் போட்டுடு. என்ன, சாப்பிடுறியா நீ? காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடலையே."

மருமகள் சாப்பிட்டாள். தட்டில் வைத்ததையெல்லாம் மிச்சமில்லாமல் சாப்பிட்டாள்.

பைல்காரரின் அலுவலகம் இரண்டாம் மாடியில். டோக்கன் எண் கூப்பிடும்போது மணி மூன்று இருபது. நாத்தனார் தன் வீட்டில் வேலை என்று கிளம்பிவிட்டாள். மாமியார் மட்டும் கூட வந்தாள். அசல் தாளை மருமகள் கைப்பையில் வைத்திருந்தாள் அல்லவா, அதற்காகவே வந்தாள்.

பைல்காரர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். சண்டைப் பக்கங்களில் இரண்டு முறை தலையாட்டினார். முப்பத்தேழில் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார்.

"சாரிம்மா," என்றார்.

அன்று முழுவதும் அந்த வார்த்தையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். அடுத்த நொடி கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"நல்ல டாக்குமெண்ட். இதுதான் மனுவத் தூக்கி நிறுத்தும். ஆனா ஒண்ணு. போன தடவ போட்டோல பொய் சொன்னதால இந்தத் தடவ சும்மா விட மாட்டாங்க. உங்க வீட்டுக்காரர அங்க தனியாக் கூப்பிடுவாங்க. முன்கூட்டியே சொல்ல மாட்டாங்க, நாளைக்கேகூட இருக்கலாம். ஏதாவது ஒரு பக்கத்தத் தூக்கிக் காட்டி, இதப் பத்திச் சொல்லுங்கன்னு கேப்பாங்க. நானா இருந்தா இந்தப் பக்கத்தத்தான் கேப்பேன். அவர்கிட்ட இதப் பத்தி நல்லாப் பேசி வெச்சிருக்கீங்கல்ல?"

மருமகள் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவருக்கு முழுசாத் தெரியும்ல? தெரியலன்னு அவர் வாயிலேருந்து வந்தா அவ்வளவுதான். இந்த விசா மட்டுமில்ல, இனி எப்பவுமே கஷ்டம். சந்தேகம் இருந்தா இந்தப் பக்கத்த எடுத்துடலாம். பதினொரு நாள் கேள்வி நிக்கும். அத வேற மாதிரி சமாளிச்சுப் பாக்கலாம். உங்க இஷ்டம். இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

மாமியார் அவள் முழங்கையைப் பிடித்தாள். "எடுத்துடும்மா."

கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் 'ம்மா'.

"எதுக்கு அத்தை?"

"அங்க வேத்து மனுஷங்க முன்னாடி உக்கார வெச்சு அவன்கிட்ட இதக் கேட்டா... உனக்கு நெஞ்சுல ஈரம் இல்லையா? கொழந்தைடி அவன், தாங்க மாட்டான். எடுத்துடு. இல்லன்னா இப்பவே ஒரு போன் போட்டுச் சொல்லிடு. பக்குவமாச் சொல்லு, நான் மறைச்சேன்னு சொல்லாத. விசா போச்சுன்னா உனக்குத்தானே நஷ்டம்!"

"ஆமா. எனக்குத்தான்."

மேசையில் உறுதிமொழித் தாள் இருந்தது. இணைத்துள்ள நாற்பத்திரண்டு பக்கங்களையும் இருவரும் படித்து அறிந்தோம். அந்தப் பக்கங்களோடு போய் வந்ததால் கணவனின் கையெழுத்து ஏற்கெனவே அதில் இருந்தது. மருமகள் பேனாவை எடுத்தாள். ஆற அமர, பல்லைப் பதிக்கிற அதே நிதானத்தோடு, தன் பெயரை முழுதாக எழுதினாள்.

"இருக்கட்டும் சார். அனுப்பிடுங்க."

"வீட்டுக்காரருக்கு..."

"கையெழுத்துப் போட்டிருக்காரே சார்."

மூன்று நாற்பத்தேழுக்குப் பைல்காரர் பட்டனை அழுத்தினார். திரையில் ஒரு பச்சை வட்டம் சுற்றி நின்றது.

படிக்கட்டில் இறங்கும்போது மாமியார் ஒவ்வொரு படிக்கும் ஒன்று சொன்னாள். கல் நெஞ்சுக்காரி என்றாள். திட்டம் போட்டுப் பழி வாங்குறா என்றாள். கடைசிப் படியில் குரல் உடைந்து, "சொல்லித் தொலையேண்டி அவன்கிட்ட!" என்றாள்.

மருமகள் திரும்பினாள். "தெரிவிச்சேன்னு நீங்க எழுதியிருக்கீங்க. படிச்சேன்னு அவர் எழுதியிருக்காரு. நடுவுல நான் என்னத்தச் சொல்ல?"

கடைகளும் வண்டிகளுமாகத் தெரு இரைந்துகொண்டிருந்தது. மாமியார் அங்கேயே நின்று கைப்பையைக் குடைந்து போனை எடுத்தாள். எண்ணைத் தேடுவதற்குள் விரல் மூன்று முறை தவறியது. போனைக் காதில் வைக்க மறந்து, முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். ஸ்பீக்கர் எப்படியோ அழுந்திக்கொண்டது.

"சொல்லும்மா," என்றான் மகன், உற்சாகமாக. பின்னால் வண்டிகளின் பீப் பீப் சத்தம். "அனுப்பியாச்சா? போட்டோ மாத்தினாங்களா?"

மாமியார் வாயைத் திறந்தாள். முப்பத்தோரு வருடம் வார்டு வாசலில் நின்று, எத்தனையோ பேருக்கு எத்தனையோ செய்திகளைத் தடுமாறாமல் சொன்னவள். முதல் வார்த்தை என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அம்மா? கேக்குதா?"

போனை மருமகளிடம் நீட்டினாள்.

மருமகள் அந்தக் கையைப் பார்த்தாள். வாங்கவில்லை.

"ஹலோ," என்றது போன். "ஹலோ... யாராவது பேசுங்களேன்."